குளறாத மைக்

நாயாற்றுக் கரையில் கருவாடு காய்கிற வாடிக் கொட்டில்களில் காகத்துக்காக மேலே வலை கட்டுவார்கள். சிலர் கறுப்புத் துணியைக் கம்பில் தொங்கவிடுவார்கள். றோசம்மாவின் பாய்களுக்கு மேலே இவை ஒன்றும் இருக்காது. அவர் இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் ஒரு சத்தம் வைத்தால், காகங்கள் எல்லாம் கிளம்பிப் பக்கத்து வாடிக்குப் போய்விடும். பக்கத்து வாடி சிவரூபி, "அக்கா, உங்கட காகங்களுக்கும் நானோ சாப்பாடு போடுறது?" என்று கேட்பாள். றோசம்மா சிரிப்பார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரிப்பார்.

அந்தக் குரல் அவருக்குப் பிறந்ததிலிருந்தே இருந்தது அல்ல. இளம் பெண்ணாக இருந்தபோது கோயிலில் பின்வரிசை வாங்கில் இருந்து மெல்லப் பாடுகிறவர். பத்தொன்பது வயதில் தோமஸைக் கட்டினார். தோமஸ் கடற்றொழில். இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் கடல் ஏறி வந்தபோது அவர் வள்ளத்தடியில் நின்றார். அதோடு அவர் இல்லை. மகன் வின்சன் ஒருவன் மிஞ்சினான். அவனுக்குப் பதினாறு நடக்கும்போது, கடைசிச் சண்டையில், வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் சனத்துக்குள்ளே தாயின் பிடியில் இருந்து அவன் கை விட்டுப்போனது. றோசம்மா கூப்பிட்டார். மூன்று நாள் தண்ணீர் காணாத தொண்டை. அந்தச் சத்தம் பக்கத்தில் போனவருக்கே கேட்டிராது.

அன்றைக்கு விழுந்த ஷெல்லில் இடது காது போனது. முகாமுக்கு வந்த பிறகுதான் குரல் இப்படி ஆனது. வாய் திறந்தால் அடுத்த வளவுக்குக் கேட்கும். காது கேளாததால் தன் சத்தம் தனக்குத் தெரியவில்லை என்று டொக்டர்மார் சொன்னார்கள். சனமும் அப்படித்தான் நினைத்தது. றோசம்மா அதைப் பற்றி ஒன்றும் கதைப்பதில்லை. முகாமில் பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்துத் தாங்கள் அழுது பார்த்தார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. வின்சனுக்குச் செத்த வீடும் இல்லை. செத்தான் என்று யாரும் சொல்லவில்லையே.

மீள்குடியேறி வந்த வருடம் கோயிலுக்குக் கூரை இல்லை, தறப்பாள் கட்டியிருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை மாலையில், இறந்த ஆண்டவருடைய சுரூபத்தைச் சுமந்துகொண்டு கடற்கரை வீதியால் போகிற பவனியில் மாதாவின் புலம்பல் பாடுவது வழக்கம். பாடிவந்தவர் சண்டையோடு போய்விட்டார். யார் பாடுவது என்று எல்லாரும் முகத்தை முகம் பார்த்தபோது றோசம்மா முன்னுக்கு வந்து மைக்கை வாங்கினார். சிலுவையடியில் நிற்கிற தாய், புலம்பலின் கடைசியில் மூன்று தரம் "மகனே" என்று கூப்பிட வேண்டும். முதலாவது மெதுவாக. இரண்டாவது கொஞ்சம் உயர்த்தி. மூன்றாவதை றோசம்மா கூப்பிட்டபோது சுரூபம் சுமந்தவர்கள் நடப்பதை நிறுத்திவிட்டார்கள்.

உயிர் இருக்கும்வரை வருடா வருடம் இதைப் பாடுவேன் என்று அன்றைக்கே அவர் மாதாவிடம் நேர்ந்துகொண்டார். அதற்குக் கைமாறாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

பதின்மூன்று வருடம் பாடினார். இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் தொடங்கும்போது குரல் கரகரத்தது. தங்கையின் மகள் பிரியந்தினி அவரை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் ஒரு குழாயை விட்டுப் பார்த்து, குரல் நாணில் பயறு அளவில் இரண்டு கட்டி இருக்கிறது, வெட்ட வேண்டும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். வெட்டின பிறகு ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு அளவாகக் கதைக்கலாம். உரத்துக் கூப்பிடுவது இனி இல்லை. சந்தையில் மீன் கூவி விற்கிறவர் என்று நினைத்தாரோ தெரியாது, "சத்தம் போடுற தொழிலை விட்டிடுங்கோ அம்மா" என்றும் சொன்னார்.

றோசம்மா ஓம் என்றார். பெரிய வெள்ளிக்குப் பதினைந்து நாள் முந்தின வியாழக்கிழமை சத்திரசிகிச்சை என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் பிரியந்தினி யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். றோசம்மா கச்சான் ஒரு சரை வாங்கி, கடைசிக் கொட்டைவரை சாப்பிட்டு முடித்து, தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

பாதர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டு வருந்தி, இந்த முறை நிறஞ்சனா பாடட்டும் என்றார். நிறஞ்சனா பாடகர் குழுவில் முன்னுக்கு நிற்கிற பிள்ளை, இனிமையான குரல். குறை சொல்ல இடமில்லை. றோசம்மா பீடத்தின் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவள் நல்லாப் பாடுவாள் பாதர். ஆனால் கூப்பிட மாட்டாள்."

கூட வந்திருந்த பிரியந்தினிதான், பெரியம்மாவின் குரலை முன்கூட்டியே பதிந்து வைத்து, பவனியில் ஒலிபெருக்கியில் போட்டால் என்ன என்று கேட்டாள். பாதர் யோசித்தார். வெட்டுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கொண்டுவாருங்கள், கேட்டுப் பார்க்கிறேன், செபிக்கிற மாதிரி இருந்தால் போடுவோம், கரகரவென்று இரைச்சலாக இருந்தால் நிறஞ்சனாதான் என்றார். கையில் இருந்தது ஒரு திங்கட்கிழமை மட்டும்.

பிரியந்தினி விசாரித்து விசுவமடுவில் ஒரு ஸ்ரூடியோவைப் பிடித்தாள். நடத்துகிறவன் கிருசாந்தன், முப்பது வயது தாண்டிய குடும்பக்காரன். அவனுடைய தகப்பன் வீரகத்தி குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர், நெல் செய்கிறவர். நெல் வைக்கிற கொட்டிலில் ஒரு பாதியை மகன் மறித்து எடுத்துத்தான் ஸ்ரூடியோ போட்டிருந்தான். உள்ளே போனால் மூன்று பக்கமும் சுவர் தெரியாமல் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும், கொழும்பில் இதற்கென்று பஞ்சுப் பலகை விற்கிறார்கள், எனக்கு அப்பாவின் நெல் இருக்கிறது என்று கிருசாந்தன் பிரியந்தினிக்குப் பெருமையாக விளங்கப்படுத்தினான். அறுவடை முடிந்து நெல் ஏற்ற லொறி வரும்வரைதான் இது நல்ல ஸ்ரூடியோ, லொறி வந்து போனால் வெறும் தகரக் கொட்டில் என்றும் சொன்னான்.

வாசலில் கதிரை போட்டிருந்த வீரகத்தி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப கெதியாப் பாடச் சொல்லு. லொறி இண்டைக்கு வருது."

கிருசாந்தனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாளைக்கு வரச் சொல்லலாமே என்று கேட்டான். ஒன்பது நாளாகப் பார்த்த லொறி, இன்றைக்கு விட்டால் மல்லாவிப் பக்கம் போய்விடும் என்று தகப்பன் சொல்லிவிட்டார்.

அறையின் நடுவில் ஒரு கம்பியில் மைக் தொங்கியது. வெள்ளி நிறம், பெரிய தலை. மூச்சுக் காற்று அடிக்காமல் அதற்கு முன்னால் நைலோன் காலுறையை வளையத்தில் இழுத்துக் கட்டியிருந்தான். கனடாவில் இருக்கிற மச்சான் அனுப்பிய கண்டென்சர் மைக். ஆள் மூச்செடுப்பது, உதடு ஒட்டிப் பிரிவது எல்லாம் அதில் விழும். அதைக் கையால் தொடக் கூடாது, ஒரு சாண் தள்ளி நின்று பாட வேண்டும் என்றான். பிறகு மூட்டைக்கு அந்தப் பக்கம் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தான். றோசம்மாவின் காதில் ஹெட்செற்றை மாட்டி, அதன் வழியாகக் கதைத்தான்.

றோசம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தொடங்கினார். கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. பவனியில் மைக் அவர் கையில்தான் இருக்கும். இப்போது இரண்டு கையும் சும்மா தொங்கின. ஆனாலும் புலம்பல் வந்தது. முதலாவது கூப்பாடு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதைக் கூப்பிட்டார்.

காதுக்குள் கிருசாந்தனின் குரல் வந்தது.

"அம்மா, குளறுது. குளறாமல் ஒருக்காப் பாடுங்கோ."

றோசம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. மற்றக் கன்னத்தையும் பார்த்தார்.

"நான் குளறேல்லையே, தம்பி."

"நீங்கள் இல்லையம்மா. மைக்."

எங்கள் பக்கத்தில் குளறுவது என்றால் செத்த வீட்டில் பெண்கள் வாய்விட்டு அழுவது. கிருசாந்தனுடைய தொழிலில் சத்தம் தாங்காமல் உடைந்து கலங்கினால் அதற்கும் அந்தச் சொல்தான். அவன் அதை விளங்கப்படுத்தி, பதிந்ததைப் போட்டுக் காட்டினான். மூன்றாவது "மகனே" கிழிந்த தகரம் காற்றில் அடிப்பது போல இருந்தது. ஒரு சொல்லாகவே இல்லை. றோசம்மா அந்த மைக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தனக்குப் பதினாறு வருடமாக வராதது இந்தச் சின்னச் சாமானுக்கு ஒரு கூப்பாட்டில் வந்துவிட்டதே என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, அதில் அவருக்கு ஒரு வருத்தமும் தெரியவில்லை.

கிருசாந்தன் விடவில்லை. மைக்கில் ஒரு சின்னச் சுவிச் இருந்தது, அதைத் தட்டிச் சத்தத்தைக் குறைத்தான். அப்போதும் மூன்றாவது குளறியது. கொம்பியூட்டர் பக்கம் இன்னும் குறைத்தான். மூன்றாவது கொஞ்சம் தாங்கியது, ஆனால் மெல்லப் பாடுகிற முன்பகுதி கிணற்றுக்குள் இருந்து வருவது போல அமுங்கிப்போனது. கடைசியில் இரண்டு எட்டுப் பின்னுக்கு நிற்கச் சொன்னான். தள்ளி நின்றால் மைக்குக்கு அடி குறையும். அதுதான் சரியாக வருகிற மாதிரி இருந்தது.

அந்த நேரம் லொறி வந்தது.

நாலு பேர் இறங்கினார்கள். மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே போகப் போகத் தகரச் சுவர் தெரிந்தது. பின்னுக்கு நின்று றோசம்மா பாடினால், பாடுகிற சத்தத்தோடு தகரத்தில் பட்டுத் திரும்புகிற சத்தமும் சேர்ந்து விழுந்தது. மூட்டை தூக்குகிறவர்களின் செருமல் விழுந்தது. கூரையில் ஓணான் ஓடியது விழுந்தது. கிட்ட நின்றால் குளறுகிறது, தள்ளி நின்றால் கொட்டிலே பாடுகிறது. கிருசாந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். கொஞ்சம் மெல்லப் பாடினால் எல்லாம் சரி வரும் என்று பிரியந்தினியிடம் இரகசியமாகச் சொன்னான். பிரியந்தினி பெரியம்மாவிடம் வந்து அதைச் சொன்னாள். மெல்லக் கூப்பிட்டாலும் மாதாவுக்குக் கேட்கும்தானே என்றாள்.

"மாதாவுக்குக் கேக்கும் பிள்ளை" என்றார் றோசம்மா. சொல்லிவிட்டுப் பழைய இடத்திலேயே போய் நின்றார்.

பிரியந்தினி திரும்பிப் போய், பெரியம்மா மெல்லப் பாட மாட்டா என்றாள்.

வாசலில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த வீரகத்தி திரும்பினார். "கொசு மூச்சு விட்டாலும் பிடிக்கும் எண்டாய். மனிசி கூப்பிட்டால் உனக்கு உது பிடிக்காதோ? அந்த ஓட்டோ மைக்கை எடன்."

கிருசாந்தனின் முகம் சிறுத்துப்போனது. அவனுக்கு ஸ்ரூடியோவில் வருகிற வேலையை விட, ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சாவறிவித்தல் போடுகிற வேலைதான் கூட. அதற்கு ஒரு டைனமிக் மைக் வைத்திருந்தான். கறுப்பு நிறம், கனம், தலையில் உள்ள வலை ஒரு பக்கம் நசுங்கியது. எத்தனையோ தரம் விழுந்தும் பழுதாகாதது. உரத்துக் கத்தினாலும் அது தாங்கும், வாயை ஒட்டிப் பிடித்தால் வாயில் இருந்து வருவதை மட்டும் எடுக்கும், தூரத்துச் சத்தத்துக்கு அது செவிடு. இது எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் அதை வெளியே எடுக்கவில்லை.

"அது செத்த வீட்டு மைக் அப்பா. கோயில் பாட்டை அதில எப்பிடிப் பாடுறது?"

றோசம்மா மூட்டைகளுக்கு நடுவே வந்து கையை நீட்டினார்.

"பெரிய வெள்ளியும் செத்த வீடுதானே, தம்பி. தாங்கோ."

அவன் ஓட்டோவுக்குப் போய் எடுத்துவந்தான். துணியால் இரண்டு தரம் துடைத்துக் கொடுத்தான். றோசம்மா அதைக் கையில் வாங்கிப் பிடித்தார். இரும்பு மணந்தது. எத்தனையோ பேருடைய பெயர் இதில் போயிருக்கும் என்ற எண்ணம் வந்தது. கையில் பிடிக்க ஏதோ இருந்தது, அது போதும். உதடு வலையில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் பிடியுங்கள், மூன்றாவதுக்கு மட்டும் ஒரு விரற்கடை விலத்துங்கள் என்று கிருசாந்தன் சொல்லிக் கொடுத்தான். அதை அவருக்குச் சொல்லத் தேவையில்லை. பதின்மூன்று வருடம் அப்படித்தான் பிடித்தவர்.

கொட்டிலில் அரைவாசி மூட்டை போயிருந்தது. வீரகத்தி கை காட்டியதும் தூக்குகிறவர்கள் தோளில் மூட்டையோடு அப்படியே நின்றார்கள். றோசம்மா கண்ணை மூடவில்லை. எதிரில் இருந்த தகரத்தைப் பார்த்துக்கொண்டு முழுவதும் பாடினார். மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவதில் தொண்டைக்குள் ஏதோ நூல் அறுந்தது போல இருந்தது. கிருசாந்தன் கொம்பியூட்டரில் சத்தம் மிஞ்சிச் சிவப்பு விழுகிறதா என்று பார்த்தபடியே இருந்தான். விழவில்லை.

தோளில் மூட்டையோடு நின்றவர்களில் ஒருவன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வெளியே போய் முகம் கழுவினான்.

போட்டுக் காட்டினார்கள். பிரியந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். றோசம்மா வலது காதால் கேட்டார். இது என் குரல் என்று தெரிந்தது, வேறு ஒன்றும் தோன்றவில்லை. இது எவ்வளவு தூரம் கேட்கும் என்று மட்டும் கேட்டார்.

கிருசாந்தன் ஓட்டோவை வயல் பக்கம் திருப்பி விட்டு, கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் அதைப் போடுவதற்கு ஆயத்தம் செய்தான். றோசம்மா அறுத்த வயலுக்குள் இறங்கி நடந்தார். வெட்டின நெல்தாள் காலில் குத்தியது. காகங்கள் உதிர்ந்த நெல் பொறுக்கிக்கொண்டிருந்தன. நீண்ட தூரம் போய் வாய்க்கால் கரையில் நின்று கையைத் தூக்கினார்.

புலம்பல் அவருக்குப் பின்னால் இருந்து வந்தது. முதலாவது கூப்பாடு கொஞ்சமாகக் கேட்டது. இரண்டாவது தெளிவாகக் கேட்டது. மூன்றாவது வந்தபோது வயலில் இருந்த காகங்கள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வாய்க்காலைத் தாண்டிப் போயின.

திரும்பி வந்து, "கேக்குது" என்றார். அந்தச் சொல் காற்றாகத்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை பாதர் கேட்டார். முடிந்ததும் இன்னொரு தரம் போட்டுக் கேட்டார். பிறகு, இதைப் போடுவோம் என்றார். வியாழக்கிழமை வெட்டினார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் றோசம்மா கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சுரூபத்துக்குப் பின்னால் நடந்தார். கதைக்க ஒரு கொப்பியும் பென்சிலும் பிரியந்தினியின் பையில் இருந்தன. பக்கத்தில் நிறஞ்சனா மெழுகுதிரியோடு வந்தாள். கடற்கரை வீதியில் ஒலிபெருக்கியில் அவர் குரல் தொடங்கியதும் சனம் திரும்பி அவர் வாயைப் பார்த்தது. வாய் மூடியிருந்தது.

இத்தனை வருடமும் இந்த இடத்தில் அவர் பாடிக்கொண்டிருந்தவர். கூப்பிடுகிறவருக்குத் தன் சத்தம்தான் கேட்கும். கூப்பிட்டு முடித்த உடனே மற்றவர்கள் செபத்தைத் தொடங்கிவிடுவார்கள். அதனால் மறுமொழி ஏதும் வருமா என்று நின்று கேட்க அவருக்கு ஒரு வருடமும் வாய்க்கவில்லை. இன்றைக்கு வேறு வேலை இல்லை.

முதலாவது கூப்பாடு போனது. இரண்டாவது போனது. மூன்றாவது போய் முடிந்ததும், செபம் தொடங்கத் தூக்கிய பாதரின் கையை, றோசம்மாவைப் பார்த்தபடி வந்த நிறஞ்சனா மெல்லப் பிடித்து நிறுத்தினாள். றோசம்மா நடப்பதை நிறுத்தி, கேட்கிற காதை, மகனின் கை விட்டுப்போன வட்டுவாகல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.